சொட்டு உள்ளே போச்சா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கரும்புத் தோகை கிழிச்சு கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தால், பலரும் கடைசியில் மதுரைக்குத்தான் பஸ் ஏறுவாங்க. அதே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்து 2020-ல் வெளியான 'கிளேர்' ஆய்வை மறுபடி படித்தேன். 111 நோயாளிகள். சிலருக்கு நாட்டமைசின் அல்லது ஆம்போடெரிசின் சொட்டு மட்டும். மற்றவர்களுக்கு அதோடு கிராஸ்லிங்கிங், அதாவது ரைபோஃப்ளேவின் விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சிக் கருவிழியை இறுக்குவது. கூடுதல் பலன் இல்லை. ஒளி பட்டவர்களுக்குச் சராசரியில் பார்வை இன்னும் மோசம். (2015-ல் வெளியான அங்கத்திய சிறு ஆய்வு ஒன்று, கருவிழியில் ஓட்டை விழுவது அதிகமானதால் பாதியில் நின்றுபோனது.)

பலிக்கலைன்னு ஒளிக்காம எழுதினாங்களே, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா ஏன் பலிக்கலை? ஆய்வின் முதன்மை அளவுகோல், 24 மணி நேரம் கழித்துச் சுரண்டி எடுத்ததில் பூஞ்சை வளருதா என்பது. சொட்டு எவ்வளவு ஆழம் போச்சுன்னு அது சொல்லாது. நாட்டமைசின் ஏற்கெனவே ஆழமா இறங்காத மருந்து. நார்களை இறுக்கினதில் அதன் வழி இன்னும் அடைபட்டதா, இல்லை ஒளியே திசுவைக் கெடுத்ததா? முதலாவதுன்னா மருந்தை மாற்றிப் பார்க்கலாம். இரண்டாவதுன்னா ஒளியையே விட்டுடணும். ராத்திரியெல்லாம் மணிக்கொரு தரம் சொட்டு விடுறவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.