எண் போட்டுப் பிரித்த கிறிஸ்துமஸ்

எங்க சேரிக்குள்ளே கிறிஸ்துமஸ் கீத பவனி வந்ததில்லை. ஊர்த்தெருக்காரர்களும் நாங்களும் கும்பிட்டது ஒரே ஏசுவைத்தான், பாடியதும் ஒரே பாட்டைத்தான். ஆனாலும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எங்க தெருமுனையோடு திரும்பிப் போய்விடும். அதனாலேயோ என்னவோ, எந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டாலும் ‘இது எந்தத் தெருவோடு நின்னுச்சு?’ன்னுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியோடுதான் ஒரு தொகுப்பைக் கேட்டேன். ஆய்வு மாணவரான தோழர் ஒருவர் கொடுத்தது. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ‘டஸ்ட்-டு-டிஜிட்டல்’ நிறுவனம் 2004இல் வெளியிட்ட ‘வேர் வில் யூ பி கிறிஸ்துமஸ் டே’. மறந்துபோன பழைய இசைத்தட்டுகளிலிருந்து திரட்டிய கிறிஸ்துமஸ் பதிவுகள். கீறல் சத்தம் மழைத்தூறல் மாதிரிப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதிகம் அறியப்படாத கலைஞர்களை மீட்டெடுத்துவிட்டார்கள் என்று இப்படிப்பட்ட தொகுப்புகளைச் சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் ‘அறியப்படாத’ என்கிற சொல்லை நாம் அப்படியே விழுங்கிவிட முடியாது. யாருக்கு அறியப்படாதவர்கள்? அப்படி ஆக்கியது யார்?

தொகுப்பில் இருக்கிற இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இருவருமே அட்லாண்டாக்காரர்கள். இருவரும் அந்தக் காலத்தில் ‘ஓகே’ என்கிற ஒரே கம்பெனிக்குப் பதிவு செய்தவர்கள்.

முதல் ஆள் ஃபிட்லின் ஜான் கார்சன். வெள்ளைக்காரர், பஞ்சாலைத் தொழிலாளி, பிடில்காரர். 1923இல் இவரைப் பதிவு செய்த ரால்ஃப் பியர், பாட்டு படுமோசம் என்றுதான் நினைத்தார். உள்ளூர் வியாபாரி கேட்டாரே என்று 500 தட்டு அடித்துக் கொடுத்தார். அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. கிராமத்து வெள்ளையர் பாட்டுக்குச் சந்தை இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ‘கன்ட்ரி’ இசை என்கிற வியாபாரம் முளைத்தது அங்கேதான். 1927இல் கார்சன் போட்ட கிறிஸ்துமஸ் தட்டு, ‘கிறிஸ்துமஸ் சீக்கிரம் முடிஞ்சுபோகும்’ என்று பொருள்படும் தலைப்பு கொண்டது. பக்தி கிடையாது. ஆட்டம்தான். காலைத் தட்டாமல் கேட்க முடியவில்லை.

இரண்டாவது ஆள் ரெவரண்ட் ஜே.எம். கேட்ஸ். கறுப்பர், சபைப் போதகர். 1926 முதல் 1941 வரை 200க்கும் மேற்பட்ட பதிவுகள் செய்தவர். 1926இல் அவர் தந்த கிறிஸ்துமஸ் பிரசங்கத்தின் தலைப்பு, சாவுதான் உனக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வரலாம் என்கிறது! ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும் தட்டு. அதற்குள்ளே பேச்சு பாட்டாகிறது, சபையார் குரல் கொடுக்கிறார்கள், பாட்டு மறுபடி பேச்சாகிறது. எங்க பாட்டிமார் ஒப்பாரியில் பேச்சு எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதே, அப்படி. வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த ஜார்ஜியாவில் இந்தத் தலைப்பு வெறும் வேதாந்தமாக எனக்குக் கேட்கவில்லை.

ஒரே ஊர், ஒரே கம்பெனி, ஒரே பண்டிகை. ஆனால் தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தைப் பாருங்கள். கேட்ஸ் 8000 வரிசை எண்ணில் வருகிறார். கார்சனின் கிறிஸ்துமஸ் தட்டு 45000 வரிசையில் வருகிறது. முன்னது ‘ரேஸ்’ வரிசை, கறுப்பர்களுக்கு விற்பதற்கு. பின்னது ‘பழைய காலப் பாட்டு’ வரிசை, வெள்ளையர்களுக்கு விற்பதற்கு. விலைப்பட்டியலும் வேறு, விளம்பரமும் வேறு. இதற்குச் சேரி, ஊர் என்பதைத் தவிர வேறென்ன பெயர் வைப்பது? வியாபார வசதி என்பார்கள். தனிக் குவளைக்கும் வசதிதான் காரணம் சொல்லப்பட்டது.

1949இல் ‘பில்போர்டு’ பத்திரிகை ‘ரேஸ்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘ரிதம் அண்டு புளூஸ்’ என்று போட்டது. இன்னொரு பட்டியல் ‘கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்’ ஆனது. பெயர்தான் மாறியது, கோடு அழியவில்லை. கன்ட்ரி இசையின் அடையாளமாகக் காட்டப்படும் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் சுரைக்காய்க் குடுக்கையில் செய்த கருவியின் வழிவந்தது. கருவி உள்ளே போகலாம், செய்தவன் வெளியே நிற்கணும். பறையடிக்கிறவனுக்கு இது புரியாததா?

இங்கே ஒரு தோழர் எழுந்து, ‘கார்சனும் உழைப்பாளிதானே, வர்க்கத்தை ஏன் மறக்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். மறக்கவில்லை. ஆனால் அட்லாண்டாவின் ஃபுல்டன் ஆலையில் 1897இல் வெள்ளைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிக்காக அல்ல. இருபது கறுப்புப் பெண்களை வேலைக்கு எடுத்துவிட்டார்களாம்! தென்மாநிலப் பஞ்சாலைகளில் கறுப்பர்களுக்குக் கூட்டுவதும் மூட்டை தூக்குவதும்தான் மிஞ்சியது. கார்சனும் கு கிளக்ஸ் கிளான் கூட்டங்களில் பிடில் வாசித்தவர். அவர் பாட்டுக்குக் கால் தாளம் போடுகிறது, மனசு போட மறுக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் விமர்சனம் என்று நினைக்கிறேன்.

கோட்டைத் தாண்டியவர்கள் கதை என்ன? டிஃபோர்ட் பெய்லி, ஹார்மோனிகா வாசித்த கறுப்பர். நாஷ்வில் வானொலியில் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’யின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். 1941இல் வெளியே அனுப்பினார்கள். அப்புறம் பிழைப்பு, ஷூ பாலிஷ் போட்டு. 1982இல் செத்துப்போனார். ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பெருமை 2005இல்தான் வந்தது. மிசிசிப்பியில் பருத்தி எடுத்து வளர்ந்த சார்லி பிரைடை 1966இல் அறிமுகப்படுத்தியபோது, ஆர்.சி.ஏ. கம்பெனி வானொலி நிலையங்களுக்குத் தட்டை மட்டும் அனுப்பியது, புகைப்படத்தை அனுப்பவில்லை. குரல் வரலாம், முகம் வரக்கூடாது. 1970இல் அதே கம்பெனி அவருடைய கிறிஸ்துமஸ் தொகுப்பை வெளியிட்டது. தலைப்பு, என் சொந்த ஊரில் கிறிஸ்துமஸ். அந்தத் தலைப்பைப் படித்தபோது எனக்கு எங்க தெருமுனை ஞாபகம் வந்தது.

தொகுப்பு செய்திருக்கிற நல்ல காரியம், கடைக்காரன் ஒன்றாக வைக்காத தட்டுகளை ஒன்றாக வைத்ததுதான். கார்சனையும் கேட்ஸையும் ஒரே மாலையில் கேட்க முடிகிறது. அதற்கு நன்றி. ஆனால் பக்கத்தில் உட்காரவைத்தால் மட்டும் பிரித்து வைத்த கணக்கு தீர்ந்துவிடாது. ‘பழைய பாட்டு, என்ன சுகம்’ என்று ரசித்துவிட்டுப் போனால் 8000க்கும் 45000க்கும் நடுவிலிருந்த சுவர் கீறல் சத்தத்தில் மறைந்துவிடும்.

நாமும் இப்போது நம் கிழவிகளின் பாட்டைப் பதிவு செய்கிறோம். ‘நாட்டுப்புறப் பாடல், பாடியவர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதுவதற்கு முன்னால், பேரைக் கேட்டோமா? கேட்டு எழுதுங்கள். எந்தத் தெரு என்பதையும் எழுதுங்கள்.