பசை நெடியும் ஒரு ஜனாஸாவும்

தெருச்சிறுவர் பற்றிய படைப்புகளில் பெரும்பாலும் இரண்டு பார்வைகளையே காண்கிறோம். ஒன்று அனுதாபம், மற்றது அருவருப்பு. இரண்டுமே பார்ப்பவனைப் பற்றிச் சொல்லுமே தவிர, சிறுவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இவ்விரண்டையும் தவிர்த்த படைப்பு என்ற வகையில், மொரோக்கோ நெறியாளர் நபீல் அய்யூஷின் 'அலீ ஸாவா' (2000) திரைப்படம் நம் எழுத்தாளர்களின் கவனத்துக்குரியது.

களம் கஸபிளங்கா. அலீ, குவீத்தா, உமர், பூபக்கர் ஆகிய நால்வரும் தீப் என்பவனின் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள். கப்பலேற வேண்டுமென்பது அலீயின் கனவு. பழைய கூட்டத்தார் எறிந்த கல் பட்டு, படத்தின் ஆரம்பத்திலேயே அவன் மவுத்தாகிவிடுகிறான். அவனை ஓர் இளவரசனைப் போல் அடக்க வேண்டும் என்று எஞ்சிய மூவரும் தீர்மானிக்கிறார்கள். படத்தின் கதை இவ்வளவுதான்.

ஜனாஸாவை அடக்குவது பர்ளு கிபாயா. ஒரு சிலர் செய்தால் ஊரின் பொறுப்பு நீங்கும். எவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும். முஸ்லிம் பெருநகரம் ஒன்றின் அந்தக் கடமை, பசை முகரும் மூன்று சிறுவர்களின் தலையில் விழுகிறது. படத்தில் எவரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிரசங்கம் செய்யாமலே நகரத்தைக் கூண்டில் ஏற்றிவிடுகிறார் நெறியாளர்.

அந்தப் பசை நமக்கும் அந்நியமானதல்ல. சப்பாத்து தைப்பவர் பூசுவது, சைக்கிள் கடையில் டியூப்புக்கு ஒட்டுப்போடும் சொலூஷன் எல்லாம் அதே இனந்தான். இத்தகைய பசைகள் பலவற்றிலுள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி, நுரையீரல் வழியாகச் சில வினாடிகளில் மூளையை எட்டுகிறது. பசியும் குளிரும் பயமும் சற்று நேரம் மறந்துபோகின்றன. ஒரு வேளைச் சோற்றைவிட மலிவாகக் கிடைக்கும் மறதி அது. மொரோக்கோவில் இச்சிறுவர்களை 'ஷம்கார்' என்று அழைக்கிறார்கள். பிள்ளையின் பெயரைப் பசை விழுங்கிவிட்டது. அலீக்கு இளவரசப் பட்டம் சூட்டும் நண்பர்கள், அந்தப் பெயரைத்தான் மீட்டெடுக்கிறார்கள் எனலாம்.

கஸபிளங்காவின் தெருச்சிறுவர்களையே நடிக்க வைத்தது படத்தின் பெரும் பலம். அவர்கள் அழுது காட்டுவதில்லை. ஏசுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சுவர்ச் சித்திரங்கள் உயிர்பெற்று அசையும் கற்பனைக் காட்சிகள் அழகானவை. அந்த அழகில் பசையின் விலை மங்கிவிடுகிறது. நீண்டகாலம் முகர்பவனின் ஞாபகம் சிதைகிறது, நடை தளர்கிறது. முதல் தடவையிலேயே இதயத் துடிப்புத் தடுமாறித் திடீரென இறப்பதும் உண்டு. படத்தில் அலீயைக் கல் கொல்கிறது. கையிலுள்ள பசையும் கொல்லக்கூடியது என்பதைப் படம் நமக்கு உணர்த்தத் தவறுகிறது.

2003 மே 16 இல் கஸபிளங்காவில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. குண்டுதாரிகள் ஸீதி மூமின் சேரிப்பகுதி இளைஞர்கள். 2012 இல் அய்யூஷ் அவர்களைப் பற்றியும் ஒரு படம் எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும்: கைவிடப்பட்ட பிள்ளையைத் தேடி யாராவது ஒருவர் வந்தே தீருவார்.

நம் பெருநாள் கதைகளில் தெருச்சிறுவன் ஸகாத் பெறுவதற்காக மட்டுமே வருகிறான். புத்தாடை கிடைத்ததும் கதை முடிந்துவிடுகிறது. அவனுக்கும் ஒரு நண்பன் இருப்பான், அந்த நண்பனை அடக்கும் பொறுப்பும் அவனுக்கு வரலாம் என்று நாம் எப்போது எழுதப்போகிறோம்?