கேட்க ஆளில்லாத பயம்: ஒரு கார்ட்டூனை முன்வைத்து

சிறுவர் கார்ட்டூன் பற்றி நம்மவர்கள் மத்தியில் இரண்டு கதைதான் அடிபடுகிறது. ஒன்று, "அது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு, அதில் பார்க்க என்ன இருக்கு?" என்பது. மற்றது, "பேயையும் பிசாசையும் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள், டீவியை நூர்த்துப் போடுங்கள்" என்பது. இரு சாராரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: கார்ட்டூனை முழுதாக உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒரு நாவலை வாசிக்காமல் அதைப் பற்றி எழுதினால் நாம் சும்மா விடமாட்டோம். கார்ட்டூனுக்கு மட்டும் அந்த நியாயம் கிடைப்பதில்லை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரு தொடரை. பெயர் 'கரேஜ் த கவர்ட்லி டோக்'. தைரியம் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு கோழை நாயின் கதை. ஜோன் டில்வர்த் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. 1996இல் ஒளிபரப்பான இதன் முதற் குறும்படம் ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. 1999 நவம்பர் முதல் 2002 நவம்பர் வரை கார்ட்டூன் நெட்வர்க்கில் 52 அத்தியாயங்கள் வந்தன. ஒளிபரப்பு முடிந்து இருபது வருஷம் கடந்தும் யூடியூபில் துண்டு துண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. நமது பிள்ளைகளின் கைக்கும் அப்படித்தான் வந்து சேர்கிறது.

கன்சாஸ் மாநிலத்தின் வெட்டவெளியில் ஒரு தனி வீடு. ஊரின் பெயரே 'எங்குமில்லை' என்று பொருள்படும். அன்பான மியூரியல் கிழவி, கடுகடுத்த யூஸ்டஸ் கிழவன், அவர்களோடு இளஞ்சிவப்பு நிறத்தில் கரேஜ். ஒவ்வொரு கதையிலும் அந்த வீட்டைத் தேடி ஏதோவொரு பயங்கரம் வருகிறது. அதை முதலில் காண்பவன் கரேஜ். நடுநடுங்கி, கத்தி, உடம்பையே வேறு வேறு உருவமாக வளைத்து நடித்துக் காட்டுகிறான். பெரியவர்களுக்கு விளங்குவதில்லை. மியூரியல் தடவிக்கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். யூஸ்டஸ் ஏசுவான், அல்லது ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு அவனை இன்னும் வெருட்டுவான். கரேஜ் சொல்வது விளங்குவது பரணில் இருக்கும் கணினிக்கு மட்டும்தான். அதுவும் அவனை நக்கலடித்துவிட்டுத்தான் பதில் சொல்லும்.

என்ட மகளோடு இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், பேய் வந்த இடத்தில் அவள் கண்ணைப் பொத்தவில்லை. "ஏன் வாப்பா, அந்த மனிசி அவன் சொல்றதக் கேக்குறாவே இல்ல?" என்று கேட்டாள். இந்தத் தொடர் பற்றி நான் வாசித்த எந்தக் குறிப்பும் இவ்வளவு நேராக விஷயத்தைத் தொடவில்லை. கரேஜின் உலகில் ஆகப் பெரிய இருட்டு, ஆபத்தைக் கண்டவன் சொல்லியும் பெரியவர்கள் கேளாமல் இருப்பது. எந்தப் பிள்ளைக்கும் இது தெரிந்த பயம். வீட்டிலோ, வகுப்பிலோ, பாடசாலை போகும் வழியிலோ ஒருத்தர் தன்னிடம் தப்பாக நடந்ததைச் சொல்லத் தெரியாமல் தவிக்கும் பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இனி இரண்டு அத்தியாயங்களைப் பார்ப்போம். முதலாவது, ரம்சிஸ் மன்னனின் சாபம். கல்லறையிலிருந்து திருடப்பட்ட ஒரு கற்பலகை கரேஜின் வீட்டுக்கு வந்து சேர்கிறது. இரவில் மன்னனின் ஆவி வந்து நின்று அதைத் திருப்பிக் கேட்கிறது. நல்ல விலை போகும் என்று தெரிந்ததும் யூஸ்டஸ் கொடுக்க மறுக்கிறான். முதலில் வெள்ளம், பிறகு தாங்க முடியாத பாட்டு, பிறகு வெட்டுக்கிளிக் கூட்டம். கை வரைந்த மற்றப் பாத்திரங்களுக்கு நடுவில் மன்னனை மட்டும் கணினி உருவமாகச் செய்திருக்கிறார்கள். இந்த உலகத்தோடு ஒட்டாத ஒன்று வந்து நிற்பது போன்ற அந்த உணர்வுதான் பிள்ளைகளை உலுக்குகிறது.

குர்ஆன் மதரசாவுக்குப் போகும் நமது பிள்ளைக்கு இந்த வெள்ளமும் வெட்டுக்கிளியும் புதிதல்ல. பிர்அவ்னின் கூட்டத்தார் மீது அனுப்பப்பட்ட வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, இரத்தம் ஆகியவற்றைப் பற்றி அல்-அஃராப் அத்தியாயம் பேசுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தண்டனை, ஒரு சமூகத்தை அடிமைப்படுத்தி வைத்திருந்த கொடுங்கோலனுக்கு. மூஸா நபி இருக்கிறார், விடுதலை கேட்கும் மக்கள் இருக்கிறார்கள். கார்ட்டூனில் எகிப்திய மன்னனே தண்டிப்பவனாகிவிடுகிறான். பயம் மிஞ்சியிருக்கிறது, ஒடுக்கப்பட்டவர்களைக் காணோம். பேராசை கூடாது என்ற பாடம் உண்டுதான், அது சின்னப் பாடம். இந்த இடத்தைப் பிள்ளையோடு கதைத்தால் ஒரு நல்ல பாடவேளைக்குச் சமம். டீவியை நூர்த்தால் அது நடக்காது.

இரண்டாவது, கடைசியாக ஒளிபரப்பான 'பெர்ஃபெக்ட்'. அப்பழுக்கில்லாதவன் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். இதில் பேய் இல்லை, ஒரு ஆசிரியை வருகிறாள். கரேஜ் எதைச் செய்தாலும் பிழை பிடிக்கிறாள், திரும்பத் திரும்பச் செய்விக்கிறாள். அவனுக்கு நித்திரையில் கெட்ட கனவுகள் வருகின்றன. ஒரு கனவில் நீல நிறத்தில் ஓர் உருவம் முகத்துக்கு நேரே வந்து, நீ குறையுள்ளவன் என்று சொல்லிப் போகிறது. கடைசியில் குளியல் தொட்டியிலிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு மீன் அவனைத் தேற்றுகிறது: குறையே இல்லாதவர் எவருமில்லை, குறையோடேயே உன் வேலையைச் செய்யலாம். அவன் அப்படிச் செய்யத் தொடங்கியதும் ஆசிரியை மறைந்துபோகிறாள்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளை தயார்படுத்தும் எந்த உம்மாவும் வாப்பாவும் இந்தப் பதினொரு நிமிஷத்தைப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பாடசாலை, டியூஷன், மாதிரி வினாத்தாள் என்று ஓடி, வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தால் வீடே மையித்து வீடு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நீல உருவம் நமது பிள்ளைகளின் நித்திரையிலும் வருகிறது. கார்ட்டூன் அதைக் கொண்டுவரவில்லை, அதற்கு ஒரு முகம் வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதனால் தொடரில் குறையில்லை என்றாகாது. யூஸ்டஸ் நாயை வெருட்டுவது திரும்பத் திரும்பச் சிரிப்புக்காகவே வருகிறது. எளியவனை வதைப்பது வேடிக்கை என்ற பழக்கத்தை அது பிள்ளை மனதில் போடலாம். 'ஃப்ரீக்கி ஃப்ரெட்' என்ற அத்தியாயத்தில், காண்பவர் மயிரையெல்லாம் மழிக்கத் துடிக்கும் ஒரு நாவிதன் புன்னகை மாறாமல் வருகிறான். ஒரு துளி இரத்தமும் காட்டாமல் பயமுறுத்தும் விதத்தில் அது கைதேர்ந்த வேலை. ஆனால் மனநோயாளி என்றாலே ஆபத்தானவர், பிடித்துக்கொண்டு போக வேண்டியவர் என்றுதான் கதை முடிகிறது. மனநோயை மறைத்து வைக்கும் நமது சமூகத்தில் இந்த முடிவைக் கேள்வி கேட்காமல் விட ஏலாது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இத்தொடர் பொருந்தாது என்பதும் என் அபிப்பிராயம்.

என்றாலும் இது ஒருவர் யோசித்துச் செய்த பயம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு. நடுங்கிக்கொண்டே ஆபத்துக்குள் போய் மியூரியலை மீட்டு வரும் ஒருவன் உண்டு. அநேகமான கதைகளின் முடிவில் அவளுடைய மடி உண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்று 2017இல் உலகளவில் பேசப்பட்டது. பிள்ளைகளுக்குப் பழக்கமான எல்சா, ஸ்பைடர்மேன், பெப்பா பன்றி போன்ற உருவங்களைத் திருடி, ஊசி, கத்தி, பல் பிடுங்கல், கடத்தல் என்று பார்வை எண்ணிக்கைக்காகச் செய்யப்பட்ட காணொளிகள் அவை. எதிர்ப்பு வலுத்த பின் அந்த வருஷ நவம்பரில் யூடியூப் ஒன்றரை இலட்சம் அளவிலான காணொளிகளை நீக்கியது. அவற்றில் கதை இல்லை, காப்பாற்ற வருபவர் இல்லை. ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடும். பிள்ளை பயந்தாலும் சிரித்தாலும் அந்த இயந்திரத்துக்கு ஒன்றுதான். பரணில் இருந்த கணினி நக்கலடித்தாலும் கரேஜுக்குப் பதில் சொன்னது. இது அதுவும் சொல்லாது.

பயம் நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல. மஃரிபுக்குப் பிறகு புளியமரத்து ஜின் கதை சொல்லாத மூத்தம்மா எங்கள் பக்கத்தில் இருந்ததில்லை. ஆனால் பிள்ளை மடியில் இருந்தது. நடுக்கம் கூடினால் கதை நின்றது, ஒரு ஆயத்து ஓதி முகத்தில் ஊதினார்கள். இப்போது பிள்ளை ஒரு மூலையில், காதில் இயர்போனோடு தனியே பயப்படுகிறது. நாம் ஹோலில் இருந்து நமது ஃபோனைப் பார்க்கிறோம். மியூரியலையும் யூஸ்டஸையும் தேடிக் கன்சாஸுக்குப் போகத் தேவையில்லை.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. நான் வாசித்த வரையில் நமது சிறுவர் இலக்கியம் பெரும்பாலும் உபதேசம். பொய் சொல்லாதே, பெரியாரை மதி, நன்றாகப் படி. 1990இல் ஒரே நாளில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட வடபுலத்துப் பிள்ளையும், 2004இல் கடல் உள்ளே வந்ததைக் கண்ட கிழக்குக் கரைப் பிள்ளையும் பெரியவர்களின் கவிதைகளில் வருகிறார்கள். பிள்ளைகள் வாசிக்கும் கதைகளில் அபூர்வம். பயத்தைப் பேசாத புத்தகத்தைப் பிள்ளை தள்ளிவைத்துவிட்டு, பேசுகிற திரையிடம் போவதில் ஆச்சரியமில்லை.

புலமைப்பரிசில் முடிவு வந்த இரவில், புள்ளி குறைந்த ஒரு பிள்ளை நித்திரை வராமல் கிடப்பதைப் பற்றி நம்மில் ஒருவர் எழுதட்டும். பேய் வந்தாலும் பரவாயில்லை. வாப்பாவோ உம்மாவோ எழும்பி வந்து, "என்ன மகன், சொல்லுங்க" என்று பக்கத்தில் குந்தும் ஓர் இடம் அந்தக் கதையில் இருந்தால் போதும்.