தோட்ட நினைவும் இணையத் தமிழ்த் தொண்டும்: லாபுவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே அமைந்த லாபு, இரப்பர்த் தோட்டங்களால் அறியப்பட்ட பகுதியாகும். காலப்போக்கில் இரப்பர் செம்பனைக்கு இடமளித்தது. தோட்ட மக்களுள் பலர் தாமான்களுக்குப் பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லாபுவில் விமான நிலையம் ஒன்றை எழுப்பும் திட்டம் பெரிதும் பேசப்பட்டு, அச்சனவரியிலேயே கைவிடப்பட்டது. எனினும், ஒரு முடிவினால் ஒரு தோட்டமே மறையக்கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று. இத்தகைய ஊரின் நினைவைக் காக்க, இலாப நோக்கற்ற தமிழ் அமைப்புகள் இணையத்தில் கண்ட வழிமுறைகள் எவ்வளவு துணைபுரியும் என்பதை ஈண்டு மதிப்பிட முற்படுகின்றோம்.

அச்சேறியதைக் காத்தல்

முதற்கண் நோக்கத்தக்கது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று அது தொடங்கப்பெற்றது. தன்னார்வலர் ஒருவர் தட்டச்சிட, மற்றொருவர் மெய்ப்புப் பார்க்க, நூல்கள் கட்டணமின்றி உலகத் தமிழர்க்குக் கிடைத்தன. குறியீட்டு முறை தகுதரத்திலிருந்து ஒருங்குறிக்கு மாறியபோதும் பணி தடைப்படவில்லை. கருவியை மட்டும் நம்பாது, பணியைப் பலர் சுமக்கத்தக்க சிறு கூறுகளாகப் பகுத்தமையே அதன் வலிமை எனலாம். ஆயினும் அம்முறைக்கு நூல் ஒன்று முன்னரே இருத்தல் வேண்டும்.

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் இவ்வரம்பு உண்டு. வெளியிடப்பட்ட சான்றின்றி எதனையும் நிறுவலாகாது என்பது அதன் நெறி. கலைக்களஞ்சியத்திற்கு அந்நெறி தகும். ஆனால், தம்மைப் பற்றித் தாமே எழுத வாய்ப்புப் பெறாத மக்களுக்கு அது அடைத்த கதவாகிறது. தோட்டக் கம்பெனியின் ஆண்டறிக்கை சான்றாகிறது. நாற்பதாண்டு பால்மரம் வெட்டிய மூதாட்டியின் கூற்று சான்றாவதில்லை.

அச்சேறாததைத் திரட்டல்

2005இல் இலங்கைத் தமிழார்வலர் தொடங்கிய நூலகத் திட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட வடுவை அறிந்தோர் அவர்கள். ஆதலின், இலக்கியத் தரம் நோக்காது, சிற்றிதழ், துண்டு வெளியீடு, விழா மலர், நினைவு மலர் யாவற்றையும் மின்படியாக்கினர். 2001இல் தோன்றிய தமிழ் மரபு அறக்கட்டளையோ ஒலிப்பதிவையும் ஆவணமாகக் கொண்டது. லாபு போன்ற ஊர்களுக்கு இவ்விரு முறைகளுமே பொருந்துவன என்பது எமது கருத்து. கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளிப் பதிவேடு, செக்ரோல் தாள், முதியோர் குரல் ஆகியனவே அங்குள்ள ஆவணங்கள்.

இவற்றைப் பதிவோர் மொழியைத் திருத்தலாகாது. 'பெரட்டு', 'கிராணி', 'ஆயாக் கொட்டகை' போன்ற சொற்களைச் செந்தமிழாக்கினால், அச்சொற்கள் சுமந்த வாழ்வும் உடன் மறையும்.

கூடுதலும் காத்தலும்

இன்று முன்னாள் தோட்ட மக்கள் புலனக் குழுக்களிலும் முகநூலிலும் கூடிப் பழம்படங்களைப் பகிர்கின்றனர். சிதறியோரை இணைப்பதில் இவை ஒப்பற்றவை. காப்பதில் நம்பத்தக்கன அல்ல. ஜியோசிட்டீஸ் 2009இலும் யாஹூ குழுமங்கள் 2020இலும் மூடப்பட்டன. பிரதி எடுத்து வைக்கப்படாத பக்கங்களும் உரையாடல்களும் அவற்றோடு அழிந்தன. படத்திலிருப்பவர் யார், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்னும் குறிப்பின்றிப் பகிரப்படும் படம், அறிந்தோர் மறைந்தபின் ஊமையாகிவிடும்.

முடிவுரை

புதிய அமைப்பொன்றை நிறுவ வேண்டியதில்லை. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற ஆலய நிருவாகங்களும், தோட்டப் பிரிவின் எண்ணைத் தம் பெயரிலேயே தாங்கிய லாபுத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இப்பணிக்கு ஏற்றவை. ஆசிரியர் வழிகாட்ட, மாணவர் தம் பாட்டன் பாட்டியரின் இசைவோடு அவர்தம் சொல்லைப் பதியலாம். படிகளை ஓரிடத்தன்றி மூவிடங்களில் வைக்கலாம்.

பல்கலைக்கழகத்தார்க்கும் இதில் கடமையுண்டு. ஆய்வேட்டிற்காகத் தோட்டம் சென்று நேர்காணும் நாம், அப்பதிவுகளை அம்மக்களுக்குத் திருப்பித் தருவது அரிது. பட்டம் நம்முடையதாகிறது, குரல் நம் பேழையில் உறங்குகிறது. இணையக் கருவிகளின் போதாமையைக் குறைகூறுமுன், அக்குரல்களை உரியவரிடம் சேர்த்தலே நாம் செய்யத்தக்க முதற்பணியாகும்.