பிரதாப முதலியார் சரித்திரமும் அருஞ்சொற் பயிற்சியும்

சிலப்பதிகாரம் பயிலப் புகும் மாணவர்க்கு அடியார்க்குநல்லார் துணை உண்டு. கலித்தொகையை எடுப்பார்க்கு நச்சினார்க்கினியர் உளர். 1879ஆம் ஆண்டில் வெளிவந்த உரைநடைக் கதைநூல் ஒன்றுக்கோ உரையாசிரியர் எவரும் இலர். உரைநடைக்கு உரை எதற்கு என்று நாம் எண்ணிவிடுகின்றோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தை வகுப்பில் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் அவ்வெண்ணம் கலைந்துவிடும். தலைவியின் ஆற்றாமையை விளக்கும் துறைக்குறிப்பில் தடுக்கி விழாத மாணவர், ‘வியாச்சியம்’ என்னும் சொல்லின்முன் நின்றுவிடுவதனை ஆசிரியர் பலரும் அறிவர்.

இதில் ஒரு முரண் உண்டு. தமிழில் உரைநடை நூல்கள் இல்லையென்ற குறையைப் போக்குதற்கே இந்நூலை இயற்றியதாக அதன் ஆசிரியர் கூறுகின்றார். அஃதாவது, செய்யுள் அறியாதாரும் எளிதிற் படித்தல் வேண்டும் என்பது அவர் நோக்கம். எளிமைக்கென எழுந்த நூல் நூற்றைம்பது ஆண்டிற்குள் அருமையுடையதாயிற்று. நூல் மாறவில்லை, நம் சொல்வழக்கு மாறிற்று. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியும், அதன்பின் பாடநூலிலும் மேடையிலும் செய்தித்தாளிலும் பரவிய நடைமாற்றமும் வடசொற்களையும் உருதுவழி வந்த சொற்களையும் பெரிதும் விலக்கின. அது நன்மையே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், விலக்கப்பட்ட சொற்கள் பழைய நூல்களில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அருஞ்சொல் என்றவுடன் முற்றும் அறியாத சொல்லையே நாம் கருதுகின்றோம். உண்மையில் அத்தகைய சொல்லால் பெருந்தீங்கில்லை. ‘வியாச்சியம்’ தெரியாது என்பது மாணவர்க்கே தெரியும், அகராதியைப் புரட்டுவார், வழக்கு என்று அறிவார், மறுமுறை தடுமாறார். தீங்கு செய்வன தெரிந்தவைபோல் தோன்றும் சொற்களே.

‘கச்சேரி’ என்னும் சொல்லைக் காண்க. இன்று அச்சொல்லைக் கேட்டதும் மிருதங்கமும் தம்புராவும் நினைவில் எழுகின்றன. வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றிய நாளில் அது நீதிமன்றத்தையும் அரசின் அலுவலகத்தையும் குறித்தது. சிற்றூர்களில் முதியோர் ‘தாலுக்கா கச்சேரி’ என்றபோது அப்பழைய பொருளே ஒலித்தது. ஒருவர் காலையில் கச்சேரிக்குப் போனார் என்று பழைய நூல் கூறின், இக்கால மாணவர் அவரை இசைச் சுவைஞராக்கிவிடுவார். ‘கட்சி’ என்பதும் இவ்வாறே. வழக்கில் ஒரு பக்கத்தாரைக் குறித்த அச்சொல் பின்னர் அரசியலுக்குப் போயிற்று. வழக்கறிஞர் இன்றும் கூறும் ‘கட்சிக்காரர்’ என்பதில் மட்டும் பழம்பொருள் ஒட்டிக்கொண்டுள்ளது. ‘அசாத்தியம்’ என்பது செய்ய இயலாததைக் குறித்தது. இன்று பாராட்டுரை ஆகிவிட்டது. நூலின் தலைப்பிலுள்ள ‘சரித்திரம்’ கூட இத்தகையதே. நாட்டு வரலாறு என்னும் பொருளையே பள்ளியில் பழகியவர்க்கு, ஒருவனது வாழ்க்கைக் கதை என்னும் பொருள் உடனே தோன்றுவதில்லை. முதல் அட்டையிலேயே பிழைபட்ட பொருளோடு உள்ளே புகுகின்றனர்.

இவற்றிலும் நுண்ணியது ‘உத்தரவு’ என்பது. ஒருவன் பெரியவரிடம் உத்தரவு பெற்றுக்கொண்டு புறப்பட்டான் என்று பழைய நடையில் எழுதினால், விடைபெற்றுச் சென்றான் என்பதே பொருள். கட்டளை பெற்றுச் சென்றான் என்று கொண்டாலும் தொடர் முறிவதில்லை, கதையும் நிற்பதில்லை. ஆனால் அன்பும் பணிவும் கலந்த ஒரு விடைபெறுதல், மேலதிகாரியின் ஏவலாகிவிடுகின்றது. தொடரை நோக்கிச் சொற்பொருளை உய்த்துணர்க என்று இக்கால மொழியாசிரியர் கூறும் முறையின் எல்லை இதுவே. உய்த்துணர்ந்தது பொருந்தவில்லையெனின் படிப்பவர் விழித்துக்கொள்வார். தவறாகவே பொருந்திவிடின், அவரை விழிக்கச் செய்வார் எவருமில்லை. ஆதலின், தெரியாத சொல்லின்கீழ் மட்டும் கோடிடும் பழக்கம் போதாது. தெரிந்த சொல் சிறிது உறுத்தினும் அதன்கீழும் கோடிடல் வேண்டும் என்பது நமது கருத்து.

இனி, அருஞ்சொற்பொருள் அகரநிரலை நூலின் இறுதியிற் சேர்த்துவிட்டால் போதாதோ எனின், அது பாதி உதவியே. நிரல் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லை நேர்வைக்கின்றது. கச்சேரிக்கு ‘நீதிமன்றம்’ என்று நிரல் கூறுமாயின், வரிதண்டும் அலுவலகம் என்னும் பொருளில் அச்சொல் வருமிடத்து மாணவர் மீண்டும் வழுக்குவார். ‘பரிதானம்’ என்பதற்கு ‘கையூட்டு’ என்று எழுதிவிடலாம். ஆயின், வடமொழியில் மாற்றிக்கொள்ளுதல், பண்டமாற்று என்னும் பொருளுடைய அச்சொல், தமிழில் இழிந்ததொரு செயலுக்குப் பெயரானது எங்ஙனம்? குற்றத்திற்கு மெல்லிய ஆடை உடுத்தும் உலகியல் அன்றோ அச்சொல்லில் தெரிகின்றது! கையூட்டை வெறுத்து எழுதிய ஒரு நீதிபதியின் நூலைப் படிக்கும்போது இதனை அறிதல் இன்பமும் பயனும் தருவது. நிரலில் அவ்வின்பத்திற்கு இடமில்லை.

நிரலைவிட நல்ல துணைகள் உள. வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்தது. நாவலுக்கு அது பதினேழு ஆண்டே மூத்தது. ஆசிரியர் காலத்துச் சொல்வழக்கை அறிதற்கு அதுவே மிக அணித்தான சான்று. நீதிமன்றச் சொற்களுக்கும் நிலவரிச் சொற்களுக்கும் வில்சன் 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதி கைகொடுக்கும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சொல்லின் பிறப்பையும் பொருள் வளர்ச்சியையும் காட்டும். புதிய கையகராதிகளில் இப்பழம்பொருள்கள் பல இடம்பெறுவதில்லை. இடம் சிறிதாதலின் அதனைக் குறைகூறவும் இயலாது.

வேதநாயகம் பிள்ளையின் நடைக்கே ஓர் இயல்பு உண்டு; அது கற்பார்க்குப் பெருந்துணை. அவர் ஒரு கருத்தை ஒருமுறை கூறி அமைபவர் அல்லர். உவமையாற் கூறுவார், எதிர்மறையாற் கூறுவார், பின் ஒரு கிளைக்கதையாலும் கூறுவார். கதைக் கட்டுக்கோப்பை நோக்கும் திறனாய்வாளர் இதனைக் குற்றமென்பர். நாவல் என்னும் அளவில் அவர் கூற்றை நாமும் மறுக்கவில்லை. கதை நின்று அறவுரை ஓடும் பக்கங்கள் பல உள. ஆயின், சொற்பயிற்சிக்கு அக்குற்றமே குணமாகின்றது. உபகாரம் வருமிடத்து அபகாரமும், அனுகூலம் வருமிடத்துப் பிரதிகூலமும் எதிரெதிர் நிற்கும் நடையில், ஒன்றன் பொருளை மற்றொன்று ஒளிவிட்டுக் காட்டும். வாதி, பிரதிவாதி, உபகாரம், பிரதியுபகாரம் என இவற்றைச் சேர்த்து நோக்கும் மாணவர், ‘பிரதி’ என்னும் முன்னொட்டின் ஆற்றலை இலக்கணநூல் கேளாமலே உணர்வார். அதன்பின் ஒரு சொல்லன்று, ஒரு குடும்பமே அவர் வசமாகின்றது.

சொல்லின் பொருள் வழக்கிலேயே உள்ளது என்பதனை ஆசிரியரும் நன்கறிவார். நூலிலேயே அதற்கு ஒரு நிகழ்ச்சி வைத்துள்ளார். செருப்புத் தைப்பவன் ஒருவனிடம், வேலையை முடித்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துவேன் என்று பிரதாப முதலியார் கூறிவிடுகின்றார். தக்க கூலி தருவேன் என்பதே உலகவழக்கிற் பொருள். அவனோ சொல்லை அகராதிப்படி பற்றிக்கொண்டு, கொடுத்தது எதனாலும் தனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை என்று வழக்கிடுகின்றான். ஆண் உடையில் அரசு செலுத்தும் ஞானாம்பாள் அதே சொல்லைக் கொண்டே அவ்வழக்கைத் தீர்க்கின்றாள். நகைச்சுவைக்கென அமைந்த பகுதிதான். எனினும், நாள்தோறும் சொற்களுக்குப் பொருள் தேடி வாதிப்பாரைக் கேட்டுப் பழகிய நீதிபதியின் கைவண்ணம் அதில் உண்டு. நேர்ச்சொல் நிரலை மட்டும் நெட்டுருச் செய்யும் மாணவர் அத்தொழிலாளியின் பக்கத்தில் நிற்கின்றார் என்று கூறின் மிகையாகாது.

வழக்கொழிந்த பிறமொழிச் சொற்களைத் தமிழ் மாணவர் கற்பது எதற்கு, அவற்றை நீக்கித் தூய தமிழில் மாற்றி அச்சிட்டாலென்ன என்று வினவுவாரும் உளர். எழுதுதற்குரிய சொல் வேறு, படித்தற்குரிய சொல் வேறு. ‘வியாச்சியம்’ என்று இன்று எழுதுமாறு எவரையும் நாம் தூண்டவில்லை. ஆயின், அதனைப் படித்தறிய மாட்டாதவர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை மட்டுமன்று, கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினையும் தீர்ப்பும் கூடப் பூட்டிய அறைகளே. தம் பாட்டனார் விட்டுச்சென்ற ஓலைப்பெட்டியைத் தாமே திறக்க இயலாதவராகத் தமிழ் கற்றவரை ஆக்குதல் நமக்குத் தகுமா? மாற்றிப் பதிப்பித்தலோ மற்றொரு கேடும் செய்யும். ஞானாம்பாள் ஆட்சிமுறை பற்றி உரைக்குமிடத்து நடை ஒருவகை. வேடிக்கைக் கதைகளில் நடை மற்றொருவகை. அவ்வேறுபாடே பாத்திரங்களின் உயர்வையும் இடத்தின் தன்மையையும் காட்டுவது. எல்லாவற்றையும் ஒரே தூய நடையாக்கினால் அது தேய்ந்துபோம்.

மேலும் ஒன்று. நீதிமன்றத்தில் வழக்காடுதலும் தீர்ப்பளித்தலும் மக்கள் மொழியிலேயே நடத்தல் வேண்டும் என்று இந்நாவலிலேயே வேதநாயகம் பிள்ளை வலியுறுத்துகின்றார். தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாகத் தந்தவரும் அவரே. 1956ஆம் ஆண்டில் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்படுதற்கு எழுபத்தேழு ஆண்டுகட்கு முன் அச்சேறிய குரல் அது. அக்குரலைத் தமிழ் மாணவர் அவருடைய சொற்களிலேயே கேட்டல் வேண்டும். பிறர் திருத்திய சொற்களில் அன்று.

இப்பயிற்சி முடிந்த மாணவர் அடுத்து இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரத்திற்குச் செல்லலாம். 1893இல் விவேக சிந்தாமணியில் தொடராக வரத்தொடங்கிய அந்நாவலில் அருமை வேறிடத்தில் உள்ளது. அங்கே பேச்சுவழக்கும் வீட்டுமொழியும் மிகுதி. அவற்றிடையே ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் புலவர் புகுந்து நம்மைச் சிரிக்க வைக்கின்றார். வின்சுலோ அங்கே சிறிதே உதவுவார். மதுரைப் பக்கத்து முதியோர் ஒருவரின் வாய்மொழி அகராதியினும் பெரிதும் உதவும்.