விரல் மட்டும் வந்த படம்

2024 ஏப்ரல் 20ஆம் தேதி காலையில் என் சித்தியின் படம் ஒரு நாளிதழில் வந்தது. முதல் நாள்தான் தேனி மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவு நடந்திருந்தது. கம்பத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் வாக்குச்சாவடி வாசலில் நான்கு பெண்களை வரிசையாக நிறுத்தி, மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லி எடுத்த படம் அது. ஓரத்தில் நின்ற சித்தியின் முகம் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது. விரல் முழுதாக இருந்தது. ஆர்வத்துடன் வாக்களித்த பெண்கள் என்று கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்.

சித்தி படத்தை வெகுநேரம் பார்த்தார். "ஒரு நா கூலி போச்சு பாப்பா. பேப்பர்ல வெரலு மட்டும் வந்துருக்கு" என்றார்.

சித்தி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலை கடந்து இடுக்கி மாவட்டத்துத் தோட்டத்துக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர். அன்று தமிழ்நாட்டில்தான் வாக்குப்பதிவு. கேரளத்தில் அது ஏப்ரல் 26. ஆகவே தோட்டம் திறந்திருந்தது, வேலை நடந்தது. வராதவளுக்குக் கூலி இல்லை என்பது அங்குள்ள நடைமுறை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளில் ஊதியத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. நாட்கூலிக்கும் அது பொருந்தும். சித்தியிடம் இதைச் சொன்னபோது, "அந்தச் சட்டம் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏறி வருமா?" என்று கேட்டார்.

நான் பிறகு பழைய தேதிகளை எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். 2011, 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் இரு மாநிலங்களுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. 2009, 2014, 2019, 2024 மக்களவைத் தேர்தல்கள் நான்கிலும் வெவ்வேறு நாள். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுவதென்றால், எல்லை தாண்டி வேலைக்குப் போகும் இந்தப் பள்ளத்தாக்குப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி கேள்விக்குறியாகிறது. இத்தனைக்கும் இது ரகசியமான விஷயம் இல்லை. தேதிகள் எல்லோரும் அறிந்தவை, ஜீப்புகள் எல்லோர் கண்முன்னும் போகின்றன. ஆனாலும் நான் படித்த தேர்தல் பக்கங்களில் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. விரலை மட்டும் பார்த்திருக்கிறேன்.

தேர்தல் செய்திகள் வாக்காளரை எப்படி மாற்றுகின்றன என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும், செய்தியைப் படித்து யாருக்கு ஓட்டு மாறிவிழுந்தது என்பதையே தேடுகிறார்கள். 1940இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், எரீ என்ற வட்டாரத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் உடனிருந்தவர்களும் இதைத்தான் தேடிப் போனார்கள். பத்திரிகையும் வானொலியும் நேரடியாக மனத்தை மாற்றியது குறைவு என்று கண்டார்கள். செய்தி முதலில் ஊரில் மதிப்புள்ள சிலரிடம் போகிறது, அவர்கள் வாய்வழியாக மற்றவர்களுக்குப் போகிறது என்றார்கள். 1968 தேர்தலின்போது சேப்பல் ஹில் நகரில் 100 வாக்காளர்களிடம் ஆய்வு செய்த மெக்கோம்ஸும் ஷாவும் இன்னொன்றைச் சொன்னார்கள். எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதைச் செய்தி தீர்மானிக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இந்த இரண்டையும் எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் வைத்துப் பார்க்கலாம். நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து கைமாறும் இடம் அது. ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் மறுப்பார், மூன்றாமவர் முடிவு சொல்வார். நான் வளர்ந்த காலத்தில் அந்த பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. செய்தியை வாங்கிச் சொல்கிற மதிப்புள்ள சிலர் என்று லாசர்ஸ்ஃபெல்டு சொன்ன இடத்தில் எங்கள் ஊரில் மீசைகள் இருந்தன. பெண்களுக்குச் செய்தி ஜீப்புக்குள் வந்து சேர்ந்தது, இன்றைக்குக் கைபேசியிலும் வருகிறது. ஆனால் ஜீப்புக்குள் நடக்கும் பேச்சு வெளியே செய்தியாகப் போவதில்லை. அது உள்ளே வரும் வழி மட்டும் உள்ள வண்டி.

என் அக்கறை அந்த வெளியே போகும் வழியைப் பற்றியது. கட்சிகளும் செய்தி படிக்கின்றன. பெண்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்பதை அவை பெருமளவு ஊடகங்களின் வழியாகவே தெரிந்துகொள்கின்றன. செய்தியில் ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு மட்டும் வந்தால், தேர்தல் அறிக்கையிலும் அவள் தட்டேந்தியே நிற்பாள்.

தேனி மாவட்டம் செய்தியில் வராத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. எங்களுக்கு 'நட்சத்திரத் தொகுதி' என்ற பட்டம் பழையது. 1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். வேட்பாளர் தொகுதிக்கு வரவில்லை, அவர் உயிரோடிருக்கிறார் என்று காட்டும் வீடியோ படம் வந்தது. ஊடகம் வேட்பாளருக்குப் பதிலாகவே வந்து ஓட்டுக் கேட்ட தேர்தல் அது.

அடுத்த தேர்தல் 1989 ஜனவரி. கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஆண்டிபட்டியில் இரட்டைப் புறாவில் ஜானகி நின்றார், பக்கத்துப் போடிநாயக்கனூரில் சேவலில் ஜெயலலிதா நின்றார். ஒரே வட்டாரத்தில் இரண்டு பெண்கள் ஒரு மாநிலத்தின் தலைமைக்குப் போட்டியிட்டார்கள். ஒருவர் 1988இல் சில வாரங்கள் முதலமைச்சராக இருந்தவர், தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். மற்றவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர். அன்று நான் ஆரம்பப் பள்ளி மாணவி. எங்கள் தெருவில் பேசப்பட்டது இவற்றில் எதுவும் இல்லை. மேடைகளும் ஏடுகளும் தந்த கேள்வி, எம்.ஜி.ஆருக்கு இவர் யார், அவர் யார் என்பது. தாலி ஒரு தகுதிச் சான்றிதழாகவும், தாலி இல்லாமை ஒரு குற்றப்பத்திரிகையாகவும் பேசப்பட்டது. தெருப் பெண்கள் அந்தக் கேள்வியைத் தாங்களே கண்டுபிடித்ததுபோல ஆளுக்கொரு பக்கம் நின்று சண்டை போட்டார்கள். ஜானகி தோற்றார், ஜெயலலிதா வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். வென்றவரையும் அந்தக் கேள்வி விடவில்லை.

இதோடு 2019 ஆண்டிபட்டி இடைத்தேர்தலை ஒப்பிடலாம். தி.மு.க.வில் அண்ணன் மகாராஜன், அ.தி.மு.க.வில் தம்பி லோகிராஜன். ஊடகங்களுக்கு அது விருந்து. அண்ணன் தம்பி உறவு சுவையான துணுக்காக வந்தது, யாருடைய ஒழுக்கமும் விசாரிக்கப்படவில்லை. தேர்தல் செய்தியில் ஆணின் உறவு மசாலாவாகிறது, பெண்ணின் உறவு வழக்காகிறது. அண்ணன் வென்றார். 2009 முதல் தேனி மக்களவைத் தொகுதி தேர்ந்தெடுத்த நான்கு பேரும் ஆண்கள். 2024இல் தமிழக வாக்காளர் பட்டியலில் பெண்கள் ஏறத்தாழ 3.17 கோடி, ஆண்கள் 3.06 கோடி என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

நான் தமிழ் இலக்கியம் நடத்துகிறவள். தேர்தல் செய்திகளை வகுப்புக்கு எடுத்துப் போய் மாணவிகளோடு சொல் சொல்லாகப் படித்திருக்கிறேன். கோட்டை, களம், முற்றுகை, அணி, கடைசியில் வாகை சூடினார். புறத்திணை இலக்கணம் இன்னும் நாளிதழில் உயிரோடிருக்கிறது. உழிஞை கோட்டையை வளைக்கிறது, தும்பை களத்தில் பொருகிறது, வாகை வென்றவன் தலையில் ஏறுகிறது. இந்த இலக்கணத்தில் பெண்ணுக்குத் தரப்படுவது திலகமிட்டு அனுப்பும் வேலையும் வரவேற்கும் வேலையும்தான். 'தாய்க்குலம்' என்ற சொல் அந்த வேலைக்கான பதவிப்பெயர். தாயாக இல்லாத பெண்ணும், குலம் கேட்டாலே சுருங்கிப்போகும் பெண்ணும் அதற்குள் எப்படி நிற்பார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு அன்று வேறு பாடத்துக்குப் போகவில்லை.

புறத்திணையில் பாடாண் என்று ஒன்று உண்டு. புலவர் புகழ்ந்து பாடுவார், மன்னர் பரிசில் தருவார். காசுக்குச் செய்தி போடும் இன்றைய வழக்கத்தை அதன் வாரிசு என்று சிலர் கேலியாகச் சொல்வதுண்டு. நான் புலவர்களின் பக்கம் நிற்பேன். புறநானூற்றுப் பாட்டின் அடியில் பாடியவர் பெயரும் பாடப்பட்டவர் பெயரும் இருக்கின்றன. பரிசில் வாங்கியதைப் புலவர் பாட்டுக்குள்ளேயே சொல்கிறார். அதே பாடாணில் மன்னனுக்கு அறிவுரை சொல்லும் செவியறிவுறூஉ என்ற துறையும் இருக்கிறது. காசு வாங்கிய செய்தியில் இந்த அடிக்குறிப்புதான் மறைக்கப்படுகிறது. 2009 தேர்தல்களில் இது எவ்வளவு பரவியிருந்தது என்பதை பி. சாய்நாத் எழுதினார், 2010இல் பத்திரிகைக் கவுன்சில் அறிக்கை பேசியது. 2011இல் தேர்தல் ஆணையம் இதற்காக முதன்முதலாகத் தகுதிநீக்கம் செய்த சட்டமன்ற உறுப்பினர் உத்தரப் பிரதேசத்தின் உம்லேஷ் யாதவ், ஒரு பெண். அவர் செய்தது தவறு, தண்டனையும் சரி. ஆனால் இத்தனை ஆண்கள் ஆடிய ஆட்டத்தில் முதலில் வெளியேற்றப்பட்டவர் ஒரு பெண் என்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

செய்தி கட்சிகளை அசைப்பதை நாம் கண்ணால் பார்த்ததும் உண்டு. 2021 மார்ச் 7ஆம் தேதி திருச்சி சிறுகனூரில் மு.க. ஸ்டாலின், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார். மறுநாள், மகளிர் தினத்தன்று, எடப்பாடி பழனிசாமி 1,500 ரூபாய் என்றார். எங்கள் அறிக்கை கசிந்துவிட்டது என்றும் சொன்னார். இரண்டு நாள் தலைப்புச் செய்திகளுக்குள் பெண்ணின் வீட்டுவேலைக்கு ஒரு ஏலம் நடந்து முடிந்தது.

நான் அந்தப் பணத்துக்கு எதிரியில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் அது மகளிர் உரிமைத் தொகையாக 1.06 கோடிப் பெண்களுக்குப் போகத் தொடங்கியது. சித்திக்கும் வருகிறது. அவர் கணக்கில் விழும் முதல் தொகை, அவர் கேட்காமல் யாரும் எடுக்க முடியாத தொகை. அதைத் தொலைக்காட்சி விவாதங்களில் 'இலவசம்' என்று சொல்லும் ஆண்களின் இரவுச் சாப்பாட்டைச் சமைத்தவர் யார் என்று கேட்கத் தோன்றும். என் கேள்வி வேறு. தலைப்பில் அடங்கும் ஓர் எண்ணாக இருந்ததால் அந்தக் கோரிக்கை மேலே ஏறியது. அளவுக்கு மேல் ஆளேற்றும் ஜீப், மலைத்தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாமை, பிள்ளையை விட்டுப்போக ஒரு காப்பகம், வாக்குப்பதிவு நாள் கூலி இவையெல்லாம் ஒற்றை எண்ணுக்குள் அடங்காதவை. ஜீப் கவிழ்ந்தால் மட்டும் மாவட்டப் பக்கத்தில் வரும். விபத்துப் பக்கத்தில் இருக்கிற பெண்ணும் தேர்தல் பக்கத்தில் விரல் காட்டுகிற பெண்ணும் ஒருத்திதான் என்பதைப் பக்கம் வடிவமைக்கிறவர் பார்ப்பதில்லை, கட்சி அலுவலகத்தில் கத்தரித்து ஒட்டுகிறவரும் பார்ப்பதில்லை.

என் பழைய மாணவி ஒருத்தி கொஞ்ச காலம் ஓர் ஏட்டுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தாள். இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டு என்மேல் கோபப்பட்டாள். "மேடம், நான் ஜீப்புக்குள்ள ஏறிப் போய்த்தான் எழுதினேன். நாப்பது வரி அனுப்பினேன், படமும் ரெண்டு வரியும் வந்துச்சு. அந்த மாசம் விளம்பரம் எவ்வளவு பிடிச்சேன்னுதான் என்கிட்ட கேட்டாங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம். சொற்பச் சம்பளத்தில் ஊர் ஊராக அலைகிற நிருபரின் பெயரில் எல்லாப் பழியையும் எழுத முடியாது. எது செய்தி என்று மேசையில் முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த மேசைக்கு விளம்பரம் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

என்மேலும் பழி உண்டு. 2024 தேர்தலுக்கு முன்பு எங்கள் கல்லூரியில் நூறு சதவீத வாக்குப்பதிவு என்று மாணவிகளை வைத்துக் கோலம் போட வைத்தோம். படமெடுக்க ஆள் வரும் நேரத்துக்காக வெயிலில் காத்திருந்தோம். நான் நடுவில் நின்றேன். மாணவிகளில் எத்தனை பேரின் அம்மாக்கள் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாக்களுக்கு அன்று கூலி கிடைக்குமா என்ற கேள்வியைக் கோலத்தின் ஓரத்திலாவது எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. கோலத்தின் படம் நன்றாக வந்திருந்தது.

அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடிக்குப் படமெடுக்க வருகிறவர்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். விரலைக் காட்டச் சொல்லுங்கள், தவறில்லை. அதோடு பெயரைக் கேளுங்கள். இன்றைக்கு வேலைக்குப் போகாததால் என்ன இழந்தீர்கள் என்று கேளுங்கள். உங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். பதிலை மேசையில் வெட்டினால், வெட்டியதை நாங்கள் வெளியிடுகிறோம். இந்தத் தொகுப்பு போன்ற சிறிய புத்தகங்கள் அதற்குத்தான் இருக்கின்றன.

போன வாரம் சித்தி வீட்டுக்குப் போனபோது அந்தப் படம் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பாதி முகமானாலும் பத்திரிகையில் வந்த முகம். நான் இதை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

"என் கூலியப் பத்தி எழுதுனியா?"

"எழுதிருக்கேன் சித்தி."

"எவ்வளவுன்னு போட்டியா?"

போடவில்லை. பொதுவாகக் கூலி என்றே எழுதியிருந்தேன். தோட்டத்துக்காரருக்குத் தெரிந்தால் சித்திக்குச் சங்கடம் வருமே என்று நினைத்தேன் என்றேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவுஞ் சரிதான், நாளைக்கும் ஜீப்புல ஏறணும்ல" என்று சொல்லிவிட்டு, மறுநாள் கொண்டுபோகத் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.