சுழலாத பற்சக்கரம்

பேகன் என்றதும் நமக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தான் ஞாபகத்துக்கு வருவார். இது அந்தப் பேகன் இல்லை. கிறிஸ்தவத்துக்கு முந்திய ஐரோப்பியத் தெய்வங்களை, மரத்தை, நிலவை, பருவங்களை வணங்குகிறோம் என்பவர்களுக்கு மேற்கில் அந்தப் பெயர். அவர்களில் ஒரு சிறு பகுதியினர் தங்கள் வழிபாட்டை ஸ்டீம்பங்க் அழகியலோடு கலந்து அன்றாட வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீம்பங்க் என்ற சொல்லை 1987இல் பாதி கிண்டலாக உருவாக்கியவர் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க நாவலாசிரியர். மின்சாரமும் பெட்ரோலும் வராமல் நீராவியே உலகை ஆண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்கிற கற்பனை அது. கதையில் தொடங்கி உடை, நகை, வீட்டுச் சாமான் என்று பரவியது. பித்தளை, தோல், செம்புக் குழாய், பெரிய பெரிய காப்புக் கண்ணாடி. பேகன் வீட்டுப் பூசை மாடத்தில் கறுப்புப் பிடிக் கத்திக்கும் மெழுகுவத்திக்கும் பக்கத்தில் இப்போது ஒரு சங்கிலிக் கடிகாரம். வருஷத்தின் எட்டுப் பண்டிகைகளைக் குறிக்கும் சக்கரத்துக்குப் பல் முளைத்துவிட்டது.

இயற்கையைக் கும்பிடுகிறவனுக்கு எந்திரத்தோடு என்ன சகவாசம் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நவீன பேகனியம் ஆதிகாலத்திலிருந்து அறுபடாமல் வந்ததல்ல, பெருமளவு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ரொமாண்டிக் மனம் கட்டமைத்ததுதான் என்று ரொனால்ட் ஹட்டன் 1999இல் விரிவாகவே எழுதிவிட்டார். 1888இல் லண்டனில் 'பொன் விடியல்' என்ற மறைஞானச் சங்கத்தைத் தொடங்கிய மூவரில் வெஸ்ட்காட் ஒருவர். பிழைப்புக்கு அவர் பார்த்தது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அரசு உத்தியோகம். ரயிலேறி ஆபீஸ் போய்வந்த வர்க்கம்தான் ராத்திரியில் எகிப்தியத் தெய்வங்களை அழைத்தது. காடு அழிந்த பிறகுதானே வனதேவதைமேல் கவிதை வரும்!

இந்தக் கலப்பும் புதுசில்லை. 1853இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஜான் மரே ஸ்பியர் என்ற முன்னாள் பாதிரியார், ஆவிகள் சொன்னபடி என்று செம்பும் துத்தநாகமும் காந்தமும் கொண்டு ஓர் எந்திரம் செய்தார். அதற்கு உயிர் வந்து புதுயுகம் பிறக்கும் என்று கூட்டம் கூடி நம்பியது. அது ஓடவில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஆள் அடிமை ஒழிப்புக்காகப் போராடியவர். இருக்கிற உலகம் போதாது என்ற அதே கோபம்தான் இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கிறது.

இன்றைக்கும் அந்தக் கோபம் இல்லாமலில்லை. கையிலிருக்கிற போனைத் திறந்து பார்க்க முடியாது, உடைந்தால் தூக்கிப் போடு என்கிறது பண்ட உலகம். ஸ்டீம்பங்க்காரர் திறந்து பார்க்கிறார், பற்றவைக்கிறார். சடங்குக் கருவியை முடிந்தால் உன் கையாலேயே செய்துகொள் என்கிறது பேகன் மரபு. கைகளை மீட்டெடுக்கும் இந்த இடத்தில் அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. 2007இல் 'ஸ்டீம்பங்க் மேகஸின்' தொடங்கிய மார்கரெட் கில்ஜாய் ஓர் அராஜகவாதி. பேகன் எழுத்தாளர் ஸ்டார்ஹாக் 1981இல் கலிபோர்னியாவில் அணுஉலைக்கு எதிரான முற்றுகையில் கலந்துகொண்டவர். வெறும் வேஷக்காரர்கள் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

பிறகு என்னதான் பிரச்சினை? மாடத்தில் இருக்கும் அந்தக் கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ரயில் வருவதற்கு முன்பு இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சூரியன், அதனதன் உச்சிவேளை. பிரிஸ்டல் நகரம் லண்டனுக்குச் சுமார் பத்து நிமிஷம் பின்னால் இருந்தது. ரயில் கம்பெனிகள் லண்டன் நேரத்தை ஊர்ஊராகக் கொண்டுபோய்த் திணித்தன. பிரிஸ்டல் 1852இல் பணிந்தது. 1880இல் அது நாடு முழுமைக்கும் சட்டமானது. ஆக, சூரியன் திசை திரும்பும் நாளைக் கொண்டாடுகிறவர்கள், சூரியனை வேலையைவிட்டு நீக்கிய கருவியைத்தான் மாடத்தில் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் அது என்ன செய்தது என்பது அந்தச் சடங்கின் சொல்லாடலுக்குள் வருகிறதா? வருவதில்லை. கடிகாரம் 'காலத்தின் குறியீடு' ஆகிவிடுகிறது. அவ்வளவுதான்.

மரத்தைக் கும்பிடுகிறவர்களிடம் கேட்க இன்னொன்று இருக்கிறது. விக்டோரியா காலத்தின் பெரிய அதிசயம் கடலடித் தந்திக் கம்பி. உப்புநீர் உள்ளே புகாமல் அதற்குப் போர்த்திய உறை கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். மலாய்க் காடுகளில் மரத்தைக் கீறிப் பாலெடுக்கவில்லை, வெட்டிச் சாய்த்து எடுத்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்தது கொஞ்சம். கம்பியோ ஆயிரக்கணக்கான மைல். சிங்கப்பூர்த் தீவில் அந்த மரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அநேகமாக ஒழிந்துபோயின. பித்தளைப் பளபளப்பில் இந்த மரங்கள் எங்கே இருக்கின்றன?

மனிதர்கள்? விக்கா என்கிற பேகன் மதத்தைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் 1900இல் பதினாறு வயசில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பிறகு போர்னியோ, மலாயா ரப்பர் தோட்டங்கள், அப்புறம் மலாயாவில் காலனிய அரசின் உத்தியோகம். 1936இல் ஓய்வு. அதே வருஷம் மலாய்க் குத்துவாளான கிரிஸ் பற்றி ஒரு புத்தகம். 1951இல் இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் நீங்கியதும், 1954இல் தன் மதத்தை அறிவிக்கும் நூல். அந்தக் கறுப்புப் பிடிக் கத்திக்கும் கிரிஸுக்கும் உறவு உண்டா என்று ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். கத்தி வந்த வழியைத் தேடுகிறார்கள், சரி. அவர் துரையாக இருந்த தோட்டங்களில் கொழுந்து பறித்ததும் பால்வெட்டியதும் யார்? நம் சனங்கள். இங்கிலீஷ்காரர் தன் நாட்டுக் காட்டுத்தெய்வத்தைத் தேடிப் போனதன் பின்னணியில், காட்டை அழித்துப் போட்ட தோட்டத்தின் சம்பளமும் காலனிய அரசின் சம்பளமுமாக முப்பத்தைந்து வருஷம் இருக்கிறது. மேற்கின் 'ஆதி' காலனியத்தின் மற்றமையை மறைத்துக்கொண்டே எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பிரதி எனக்குக் கிடைக்கவில்லை.

நம்மூர் ஆயுதபூஜை மாதிரிதானே என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ஆயுதபூஜைமேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் அங்கே பொட்டு வைத்த லேத் மறுநாள் ஓடும், விரலையும் எடுக்கும். தொப்பியில் ஒட்டிய பற்சக்கரம் எதோடும் பல் பொருந்துவதில்லை, எதையும் சுழற்றுவதுமில்லை. நீராவியில் நிலம், நீர், தீ, காற்று நான்கும் இருக்கிறது என்று தத்துவம் சொல்வது சுலபம். நிலம் என்றால் நிலக்கரி, அதை வெட்டப் பூமிக்குள் இறங்கியவன் ஒருவன் உண்டு என்று அடுத்த வரியைச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அந்த அடுத்த வரியைச் சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மலேசியாவில் பிறந்த ஜெய்மி கோ, ஜாய்ஸ் சிங்கோடு சேர்ந்து 2015இல் தொகுத்த தென்கிழக்காசிய ஸ்டீம்பங்க் கதைகளில் எந்திரம் துரைமார் கையில் மட்டும் இல்லை. பேகன் பக்கத்திலிருந்து அப்படி ஒரு சடங்கு வருமானால் அதன் மாடத்துக்கு என் சிபாரிசு பிரிஸ்டல் பழைய தானியச் சந்தைக் கட்டடத்துக் கடிகாரம். அதில் இன்றைக்கும் இரண்டு நிமிஷ முட்கள். ஒன்று லண்டனுக்கு, மற்றது ஊர்ச் சூரியனுக்கு.